மீனைக் கடைசியாக வாங்குங்கள்: வீட்டில் அக்வாபோனிக்ஸ் தொடங்க முழுமையான வழிகாட்டி

அக்வாபோனிக்ஸ் என்பது மீன் தொட்டித் தண்ணீரில் உள்ள சத்தைக் கொண்டு மண்ணில்லாமல் செடி வளர்க்கும் முறை. அதைத் தொடங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், "மீன் வாங்கிவிட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். "ஆமாம், நேற்றே வாங்கிவிட்டேன்" என்று பதில் வந்தால் அடுத்த இரண்டு வாரத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் முதல் தொட்டியிலும் அதுதான் நடந்தது. தொட்டி, தண்ணீர், செடி, மீன் எல்லாவற்றையும் இரண்டே நாளில் சேர்த்துவிட்டேன். ஒன்பதாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பன்னிரண்டாம் நாள் ஒன்றுகூட மிச்சமில்லை.

காரணம் எளிது. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். செடிகள் விரும்பி எடுத்துக்கொள்வது நைட்ரேட்டை. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். அந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக 3 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறும்.

ஆகவே வரிசை இதுதான்: அமைப்பு, தண்ணீர், பாக்டீரியா, செடி, மீன். கீழே உள்ளதெல்லாம் ஜல்லிப் படுகை முறைக்கானது, அதாவது ஜல்லி நிரப்பிய ஒரு தொட்டியில் செடி நட்டு, மீன் தொட்டித் தண்ணீரை அதன் வழியாகச் சுற்றவிடுவது. மிதவைப் பலகை முறையிலும் (தண்ணீரில் மிதக்கும் பலகையில் செடி) குழாய் முறையிலும் (தண்ணீர் ஓடும் குழாயில் செடி) மீன் கழிவைப் பிரிக்கத் தனி வடிகட்டி வேண்டும். ஜல்லிப் படுகையோ கழிவை வடிகட்டுகிறது, பாக்டீரியாவுக்கு வீடாகிறது, செடியையும் தாங்குகிறது. முதல் முறைக்கு இதுவே போதும்.

1. அளவையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

சிறியதாகத் தொடங்கினால் சுலபம் என்று பலரும் 50 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் ஆரம்பிக்கிறார்கள். உண்மையில் அதுதான் கடினம். தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பம், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு), அமோனியா எல்லாம் சில மணி நேரத்திலேயே ஏறி இறங்கும். தண்ணீர் அதிகமிருந்தால் நீங்கள் செய்யும் தவறு மெதுவாகத்தான் வெளியே தெரியும். திருத்திக்கொள்ள ஒரு நாள் கிடைக்கும்.

நான் சொல்லும் அளவு: 500 லிட்டர் மீன் தொட்டி, 1 சதுர மீட்டர் பரப்பும் 30 சென்டிமீட்டர் ஜல்லி ஆழமும் உள்ள ஒரு படுகை.

இதன் கணக்கைப் புரிந்துகொண்டால் பிறகு எந்த அளவுக்கும் மாற்றிக்கொள்ளலாம். புதியவர்கள் 1000 லிட்டருக்கு 10 கிலோ மீனைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அப்படியானால் 500 லிட்டருக்கு 5 கிலோ, அதாவது வளர்ந்த நிலையில் அரை கிலோ எடையுள்ள 10 மீன்கள். வளர்ந்த மீன் நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் தின்னும். 5 கிலோ மீனுக்கு 50 கிராம் தீவனம். 1 சதுர மீட்டர் இலைச் செடிகளுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனத்திலிருந்து வரும் சத்து போதும். காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம் வேண்டும். இந்த மொத்தக் கணக்கும் தீவனத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது, மீன்களின் எண்ணிக்கையைச் சுற்றி அல்ல. இதை மறந்துவிட்டு "இன்னும் நாலு மீன் போடலாமே" என்று நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

இடம் என்றதும் எல்லோரும் வெயிலைப் பார்ப்பார்கள், எடையைப் பார்க்க மறப்பார்கள். 500 லிட்டர் தண்ணீர் 500 கிலோ. படுகையில் நனைந்த ஜல்லியும் நீருமாக ஏறக்குறைய 600 கிலோ. மொத்தம் ஒரு டன்னுக்கு மேல். மாடியில் வைப்பதாக இருந்தால் கட்டடம் தெரிந்த பொறியாளரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். சுட்ட களிமண் உருண்டைகள் ஜல்லியைவிட மிகவும் லேசானவை, மாடிக்கு அவையே ஏற்றவை.

தொட்டி நிழலில் இருக்க வேண்டும், படுகைக்கு 4 முதல் 6 மணி நேர வெயில் வேண்டும். தொட்டியில் வெயில் பட்டால் தண்ணீர் சூடாகும், பாசியும் பிடிக்கும். தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். படுகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு மூலை எப்போதும் காய்ந்தே கிடக்கும்.

2. முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டியவை

ஒளி ஊடுருவாத, உணவுப் பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, படுகைக்கு அதே தரத்தில் இன்னொன்று. முன்பு என்ன இருந்தது என்று தெரியாத பழைய டிரம் வேண்டாம். ரசாயன வாடை போனாலும் ரசாயனம் போயிருக்காது. செம்புக் குழாய், துத்தநாகம் பூசிய தகரம் இரண்டையும் தவிருங்கள். இரண்டு உலோகங்களும் தண்ணீரில் கரைந்து மீனைப் பாதிக்கும். பூசாத சிமென்ட் தொட்டி பிஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

தண்ணீருக்குள் வைக்கும் பம்ப் ஒன்று. தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு ஒருமுறையாவது படுகை வழியாகச் சுற்ற வேண்டும். பம்ப் அட்டையில் போட்டிருக்கும் அளவு, தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைப்பது. ஒன்றரை மீட்டர் ஏற்றும்போது அதில் பாதிகூட வராத பம்புகள் உண்டு. நீங்கள் ஏற்றப்போகும் உயரத்தில் எவ்வளவு வரும் என்பதைக் கேட்டு வாங்குங்கள். நான் கீழே சொல்லும் முறையில் பம்ப் மணிக்குக் கால் மணி நேரம்தான் ஓடும். ஆகவே அந்த உயரத்தில் மணிக்கு 2000 லிட்டர் தருவது பொருந்தும்.

காற்று பம்பும், காற்றைச் சிறு குமிழிகளாக்கும் காற்றுக்கல்லும் தனியாக வேண்டும். "தண்ணீர்தான் கொட்டுகிறதே, காற்று எதற்கு?" என்று கேட்பார்கள். தண்ணீர் பம்ப் நின்றாலும் மீன் மூச்சுவிட வேண்டுமே.

அப்புறம் டைமர், பிவிசி குழாய்கள், தொட்டியை மூட வலை, ஒரு வெப்பமானி.

எல்லோரும் விட்டுவிடும் பொருள் ஒன்று இருக்கிறது: தண்ணீர் சோதனைப் பெட்டி. அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கையும் பார்க்கக்கூடியது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் வகையே நம்பகமானது. காகிதப் பட்டைகள் பலவற்றில் அமோனியா சோதனையே இருக்காது. அமோனியாவை நிறத்தாலும் மணத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரில் மீன் செத்துக்கொண்டிருக்கும்.

3. ஜல்லியைச் சோதித்துக் கழுவுங்கள்

8 முதல் 20 மில்லிமீட்டர் அளவுள்ள ஜல்லி வேண்டும். அதைவிடச் சிறியதாக இருந்தால் கழிவு அடைத்துக்கொண்டு காற்றில்லாத மூலைகள் உருவாகும். பெரியதாக இருந்தால் பாக்டீரியா ஒட்டிக்கொள்ளப் பரப்பு குறையும், நாற்றும் நிற்காது.

வாங்குவதற்கு முன் ஒரு கைப்பிடி ஜல்லியை ஒரு கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றுங்கள். நுரை வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த ஜல்லி வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் அழகாக இருக்கிறதென்று வெள்ளைப் பளிங்குச் சில்லுகளைக் கொட்டினார். அவர் தொட்டியில் பிஎச் 8க்குக் கீழே இறங்கவே இல்லை, செடிகள் மஞ்சளாகவே நின்றன. கடைசியில் அத்தனையையும் அள்ள வேண்டியதாயிற்று.

சோதனையில் தேறிய ஜல்லியைக் கழுவும் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை கழுவுங்கள். முதுகு வலிக்கும் வேலைதான். இப்போது விட்ட தூசி பிறகு பம்பையும் மீனின் செவுளையும் அடைக்கும்.

4. தொட்டியையும் படுகையையும் இணையுங்கள்

படுகை தொட்டிக்கு மேலே இருக்க வேண்டும். பம்ப் தண்ணீரை ஏற்றும், வடியும் தண்ணீர் தானாகத் தொட்டியில் விழும். விழும் இடத்தில் கொஞ்சம் உயரம் விடுங்கள். அந்தச் சலசலப்பில் காற்று கலக்கும்.

படுகையில் தண்ணீர் நிறைவதும் வடிவதும் மாறி மாறி நடக்க வேண்டும். நிறையும்போது வேருக்குச் சத்தும் ஈரமும், வடியும்போது வேருக்கும் பாக்டீரியாவுக்கும் காற்று. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி டைமர். படுகையின் அடியில் துளையிட்டு, 25 சென்டிமீட்டர் உயரமுள்ள வடிகுழாயை நிறுத்துங்கள். அதன் அடிப்பக்கத்தில் 8 மில்லிமீட்டர் துளைகள் இரண்டு. பம்ப் 15 நிமிடம் ஓடும், படுகை நிறையும், மிச்சம் குழாயின் உச்சி வழியாக வழிந்துவிடும். அடுத்த 45 நிமிடம் பம்ப் நிற்கும், அடித்துளைகள் வழியாகப் படுகை வடியும். அந்த நேரத்துக்குள் வடியவில்லை என்றால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

இரண்டாவது வழி பெல் சைஃபன், அதாவது வடிகுழாயின் மேல் மூடிபோட்ட குழாய் ஒன்றைக் கவிழ்த்து வைப்பது. பம்ப் நிற்காமல் ஓடும், தண்ணீர் உச்சிக்கு வந்ததும் சைஃபன் தானாக இழுத்து வடித்துவிடும். பார்க்க அழகு. ஆனால் வரத்து கொஞ்சம் குறைந்தால் இழுக்கத் தொடங்காது, கொஞ்சம் கூடினால் நிற்காது. நான் அதோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மல்லுக்கட்டியிருக்கிறேன். முதல் தொட்டிக்கு டைமர்தான் என் பரிந்துரை.

எந்த வழியானாலும் இந்த நான்கையும் கவனியுங்கள்.

ஜல்லியின் மேல் 5 சென்டிமீட்டர் எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் ஜல்லிக்கு 25 சென்டிமீட்டர் குழாய் சொன்னது அதனால்தான். மேற்பரப்பு நனைந்தால் பாசி பிடிக்கும், சிறு ஈக்கள் வரும், தண்டு அழுகும்.

வடிகுழாயைச் சுற்றித் துளையிட்ட அகலமான குழாய் ஒன்றை வையுங்கள். உள்ளே கை போக வேண்டும். வேர் புகுந்து அடைக்கும் நாள் கட்டாயம் வரும், அன்று ஜல்லியை அள்ளாமல் எடுக்கலாம்.

வடிகுழாய், ஏற்றும் குழாயைவிடப் பெரிதாக இருக்கட்டும். உள்ளே வரும் வேகத்தில் வெளியேறாவிட்டால் படுகை வழிந்து தரைக்குப் போகும்.

கடைசியாக, பம்பைத் தொட்டியின் அடியில் வைக்காதீர்கள். செங்கல் அடுக்கியோ கட்டித் தொங்கவிட்டோ, தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். ஒருநாள் குழாய் கழன்று தண்ணீர் வெளியே கொட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மீனுக்கு மிஞ்சும். அடியில் தேங்கும் கழிவை வாரம் ஒருமுறை ரப்பர் குழாயால் உறிஞ்சி வாளியில் பிடித்துப் படுகையில் ஊற்றிவிடலாம்.

படுகை நிறையும்போது தொட்டியில் ஏறக்குறைய 100 லிட்டர் குறையும். ஜல்லியின் இடைவெளி மொத்தக் கொள்ளளவில் 40 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டது. இது வழக்கம்தான், கசிவு என்று பயந்து தண்ணீர் சேர்க்காதீர்கள். படுகை முழுக்க வடிந்திருக்கும்போது எந்த மட்டம் என்று தொட்டியில் ஒரு கோடு போட்டுவைத்தால், பிறகு எப்போதும் அந்தக் கோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.

5. வெறும் தண்ணீரில் மூன்று நாள் ஓட்டுங்கள்

கசிவு, டைமர் பிழை, வழிதல் எல்லாம் இந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். அதன் பிறகு மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி வந்து தொட்டி வழிகிறதா என்று தெரிய வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியாவும் சாகும், மீனும் சாகும். காற்று பம்பை ஓடவிட்டு 24 முதல் 48 மணி நேரம் வைத்தால் குளோரின் பறந்துவிடும். சில இடங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் என்ற கிருமிநாசினியைச் சேர்ப்பார்கள். அது வைத்திருந்தால் போகாது, குளோரமினை நீக்கும் மீன் தொட்டி மருந்தை அதன் அளவுப்படி சேர்க்க வேண்டும். எது சேர்க்கிறார்கள் என்று உங்கள் தண்ணீர் வாரியத்திடம் கேட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முறை தண்ணீர் நிரப்பும்போதும் இதே கவனம் வேண்டும். ஆறு மாதம் நன்றாக ஓடிய தொட்டியை ஒரே ஒருநாள் அவசரமாக நேரடிக் குழாய்த் தண்ணீர் நிரப்பிக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6. பாக்டீரியாவை வளருங்கள்

பொறுமை இங்கேதான் வேண்டும். செடியும் மீனும் இல்லாத தொட்டியில் ஒரு மாதம் சோதனைச் சொட்டு விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள். பரவாயில்லை.

பாக்டீரியா காற்றிலும் தண்ணீரிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு உணவு வேண்டும். அந்த உணவு அமோனியா. மருந்தகத் தரமான அம்மோனியம் குளோரைடு கிடைத்தால் நல்லது. 500 லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா கிடைக்கும். திரவ அமோனியா வாங்கினால் சோப்பும் வாசனையும் சேராதது என்று உறுதி செய்யுங்கள். குலுக்கினால் நுரை நிற்கக் கூடாது. இரண்டும் கிடைக்கவில்லையென்றால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுகவிடலாம். அளவைக் கட்டுப்படுத்துவது கடினம், நாட்களும் கூடும்.

நன்றாக ஓடும், நோயில்லாத ஒரு மீன் தொட்டியின் பழைய ஜல்லி ஒரு கைப்பிடி கிடைத்தால் வாங்கி நடுவில் புதைத்துவிடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். புட்டியில் விற்கும் பாக்டீரியாவைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இனி தினமும் ஒரே நேரத்தில் சோதித்து நோட்டில் எழுதுங்கள். முதல் வாரம் அமோனியா அசையாது. ஏதோ தவறு என்று தோன்றும், தவறில்லை. பிறகு அமோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட் தலைகாட்டும். அமோனியா பூஜ்யத்துக்கு வந்ததும் மறுபடி 2 மில்லிகிராம் அளவுக்குச் சேர்க்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நைட்ரைட் பயமுறுத்தும் அளவுக்கு ஏறும். நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா தாமதமாகத்தான் பெருகும். ஒருநாள் திடீரென்று நைட்ரைட் சரிந்து, நைட்ரேட் ஏறியிருக்கும்.

முடிந்ததா என்று பார்க்க ஒரே சோதனை: லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி அமோனியா சேர்த்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யமாக இருந்தால் தொட்டி தயார். 500 லிட்டருக்கு இது நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிராம் தீவனத்தின் கழிவைச் சமாளிக்கும் பலம். மீன் குஞ்சுகளுக்கு அதில் கால் பங்குகூடத் தேவைப்படாது.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக நடக்கும் தவறுகள்: சீக்கிரம் ஆகட்டும் என்று அமோனியாவை 5 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவது (பாக்டீரியா சுணங்கும்), நைட்ரைட்டைக் கண்டு பயந்து தண்ணீர் மாற்றுவது, காற்று பம்பை இரவில் அணைப்பது, ஜல்லியைக் குழாய்த் தண்ணீரில் அலசுவது. இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கட்டாயம், நேரடி வெயில் ஆகாது. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் வேலை மிக மெதுவாகும். குளிர் காலத்தில் தொடங்கினால் 6 வாரத்தைத் தாண்டலாம். பிஎச் 7க்கும் 8க்கும் இடையே இருந்தால் இப்போதைக்குத் தொடாதீர்கள், பாக்டீரியாவுக்குப் பிடித்த இடம் அதுதான்.

7. செடிகளை நடுங்கள்

நைட்ரேட் தெரியத் தொடங்கியதும் நடலாம். கீரை வகைகள், புதினா, துளசி, லெட்டூஸ் ஆகியவற்றோடு தொடங்குங்கள். இவை குறைந்த சத்திலும் வளரும். தக்காளியும் மிளகாயும் பொட்டாசியம் நிறையக் கேட்கும், மீன்கள் பெரிதாகும்வரை அவை காத்திருக்கட்டும். முள்ளங்கி, கேரட் போன்றவை ஜல்லியில் கோணல்மாணலாகத்தான் வரும்.

நாற்றின் வேரிலிருந்து மண்ணை முழுக்க அலசிவிட்டு நடுங்கள். மண்ணோடு நட்டால் வடிகுழாய் அடைக்கும், பூச்சி முட்டைகளும் கூடவே வரும். வேர் நுனி ஈர மட்டத்தைத் தொடும் ஆழத்துக்கு இறக்குங்கள், தண்டு காய்ந்த ஜல்லியில் நிற்கட்டும்.

படுகையில் பாதியை மட்டும் நிரப்புங்கள். குஞ்சு மீன் தின்னும் கொஞ்சத் தீவனத்தில் முழுப் படுகையும் பசியோடுதான் நிற்கும்.

8. இப்போது மீன்

எந்த மீன் என்பதை உங்கள் தண்ணீரின் வெப்பம் முடிவு செய்யட்டும். திலேப்பியா 27 முதல் 30 டிகிரியில் நன்றாக வளரும், குளிரில் தீனியை விட்டுவிடும், இன்னும் குளிர்ந்தால் சாகும். கெண்டையும் தங்கமீனும் வெப்ப ஏற்ற இறக்கங்களைத் தாங்கும். வானவில் டிரௌட் 18 டிகிரிக்கு மேல் திணறும். வெப்பத்தை மாற்றி மீனுக்கு ஏற்றவாறு செய்ய முயன்றால் மின் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

சாப்பிடும் எண்ணம் இல்லாதவர்கள் தங்கமீன் வளர்க்கலாம். செடிக்கு வித்தியாசம் தெரியாது. பழகுவதற்குக்கூட அதுவே நல்லது. திலேப்பியாவுக்கு அனுமதி வேண்டிய இடங்கள் பல உண்டு, முதலில் விசாரியுங்கள். எந்த மீனையும் ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள்.

10 முதல் 12 குஞ்சுகள் போதும். சில இழப்பு இருக்கும் என்று 30 வாங்கினால், இழப்பு நேராவிட்டால் ஆறு மாதத்தில் தொட்டி நெரிசலாகும்.

வாங்கி வந்த பையை மூடியபடியே தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேருங்கள். வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது, அதில் அமோனியாவும் இருக்கும், நோயும் இருக்கலாம். உடனே வலையால் மூடுங்கள். புதிய மீன் முதல் இரவில் குதிக்கும்.

9. தீவனத்தில் கையை இறுக்கிப் பிடியுங்கள்

முதல் நாள் தீனி வேண்டாம். மறுநாளிலிருந்து, 5 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளொன்றுக்கு இரண்டு முறை. மிதக்கும் தீவனம் வாங்குங்கள், தின்றதும் மிஞ்சியதும் கண்ணுக்குத் தெரியும். மிஞ்சியதை வலையால் எடுத்துவிட வேண்டும். குஞ்சுகளுக்கு உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம், வளர வளர 1 சதவீதம்வரை குறையும்.

மீன் எப்போதும் பசித்த மாதிரியே பார்க்கும். அதை நம்பாதீர்கள். நான் பார்த்த தொட்டிச் சாவுகளில் பெரும்பாலானவை அன்பால் வந்தவை. விருந்தாளிகள் வரும் நாளில் தீவன டப்பாவை ஒளித்துவைப்பேன், குழந்தைகள் ஆளுக்கொரு கைப்பிடி போட்டுவிடுவார்கள்.

10. அன்றாட வேலை

காலையில் மீன் தின்னும்போது இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். தீனிக்கு வராத மீன்தான் முதல் எச்சரிக்கை. தண்ணீர் விழுகிறதா, காற்று வருகிறதா, வெப்பம் எவ்வளவு என்பது மட்டும் போதும்.

முதல் மாதம் இரண்டு நாளைக்கு ஒருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் நான்கு சோதனைகளையும் செய்யுங்கள். தொட்டியில் போட்ட கோட்டு மட்டம்வரை, குளோரின் நீங்கிய தண்ணீர் சேருங்கள். பம்பின் வடிகட்டியை அலசுங்கள். மாதம் ஒருமுறை வடிகுழாய்க்குள் வேர் புகுந்திருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள்.

செடிக்குப் பூச்சி வந்தால் கையால் எடுங்கள், தண்ணீர் பீய்ச்சி விரட்டுங்கள். பூச்சிமருந்தும் சோப்புக் கரைசலும் ஜல்லி வழியாக நேரே மீனுக்குப் போகும். வேப்ப எண்ணெய்கூட மீனுக்கு ஆகாது. அதே போல மீன் மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் பாக்டீரியா சாகலாம், செடியிலும் ஏறும். நோயுற்ற மீனைத் தனி வாளிக்கு மாற்றித்தான் மருத்துவம் பார்க்க வேண்டும். மாட்டுச் சாணம், ரசாயன உரம் எதுவும் படுகைக்கு வேண்டாம்.

11. பிஎச்சும் இரும்பும்

இரண்டு மூன்று மாதத்தில் பிஎச் தானாக இறங்கும். அமோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையில் அமிலம் உண்டாவதுதான் காரணம். 7க்கு அருகில், 6.5 முதல் 7 வரை இருப்பது மீன், செடி, பாக்டீரியா மூவருக்கும் ஒத்துவரும் சமரசம். செடி இன்னும் குறைவாகக் கேட்கும், பாக்டீரியா இன்னும் அதிகமாகக் கேட்கும். 6க்குக் கீழே போனால் பாக்டீரியா சோர்ந்துவிடும், அமோனியா தேங்கும்.

6.5ஐ நெருங்கினால் நீற்றுச் சுண்ணாம்பையும் பொட்டாசியம் பைகார்பனேட்டையும் ஒரு முறை இது, ஒரு முறை அது என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். ஒன்று கால்சியம் தரும், மற்றது பொட்டாசியம். மீன் தீவனத்தில் செடிக்குப் போதாமல் போவதும் இவைதான். அரைத் தேக்கரண்டியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றி, மறுநாள் சோதித்துவிட்டு மேலும் சேருங்கள். ஒரே நாளில் 0.3க்கு மேல் ஏற்றாதீர்கள். சமையல் சோடா வேண்டாம், அதன் சோடியம் செடிக்குக் கெடுதல், தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும்.

புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. தீவனத்தில் இரும்பு மிகக் குறைவு. கிலேட் செய்த இரும்பை (தண்ணீரில் கரைந்தே இருக்கும்படி தயாரித்தது) லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி சேருங்கள். துருப்பிடித்த ஆணி போட்டால் போதும் என்பார்கள், இந்த பிஎச்சில் அது கரையாது. மாறாகப் பழைய இலைகள் முழுதாக மஞ்சளானால் நைட்ரஜன் போதவில்லை, தீவனம் குறைவு அல்லது செடி அதிகம். பழைய இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம்.

12. அவசரமான நேரங்கள்

மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால் காற்றைக் கூட்டுங்கள், தீனியை நிறுத்துங்கள், பிறகு சோதியுங்கள். இந்த வரிசையில். விடியற்காலையிலும் கோடையிலும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும்.

அமோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, பூஜ்யமாகும்வரை தீனி போடாதீர்கள். அந்த நேரத்தில் பிஎச்சை ஏற்றவே ஏற்றாதீர்கள். 25 டிகிரியில் பிஎச் 7ஆக இருக்கும்போது அமோனியாவில் விஷமான வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. 8ஆனால் 5 சதவீதம். 9ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 7இலிருந்து 8க்குப் போனாலே அதே அமோனியா, ஏறக்குறைய பத்து மடங்கு விஷம்.

படுகையில் அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றுப் போகாத இடம் இருக்கிறது. அந்த மூலையைக் கையால் கிளறி, படுகை முழுக்க வடிகிறதா என்று பாருங்கள். மண்புழுக்கள் சிலவற்றை நன்றாக அலசி ஜல்லியில் விட்டால் திடக்கழிவைத் தின்று இந்தத் தொல்லையைக் குறைக்கும். படுகை நிறைந்து வடிவதால் அவை மூழ்கிச் சாவதில்லை.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்று, போவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்று தொட்டியருகே இருக்கட்டும். அதுவும் இல்லாத நேரத்தில் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒரு முறை இரண்டு மணி நேரம் அப்படி ஊற்றியிருக்கிறேன். கை போயிற்று, மீன் பிழைத்தது.

13. அறுவடை

இலைகளை வெளிப்புறத்திலிருந்து வாரம் தோறும் பறிக்கலாம். தொட்டித் தண்ணீர் இலையில் படாமல் பார்த்துக்கொண்டு, நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள். மொத்தச் செடியையும் ஒரே நாளில் பிடுங்காமல் வரிசை வரிசையாக எடுத்து அங்கங்கே புதிய நாற்று வையுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கினால் நைட்ரேட்டை எடுக்க ஆளிருக்காது.

மீனும் அப்படித்தான். பெரியதாக இரண்டோ மூன்றோ எடுத்துவிட்டு, சில வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த குஞ்சுகளை அந்த இடத்தில் விடுங்கள். முழுத் தொட்டியையும் ஒரே நாளில் காலி செய்தால் பாக்டீரியாவுக்கு உணவு போய்விடும். மறுபடி ஆறாம் படியில் சொன்ன சோதனைச் சொட்டுகளோடு உட்கார வேண்டியதுதான். எடுக்கப்போகும் நாளுக்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள், குடல் காலியாக இருந்தால் மீனைச் சுத்தம் செய்வது எளிது.